கல் எங்கிருந்து வந்தது

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஊசி குத்துவதிலும் இயந்திரம் ஓட்டுவதிலும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் காலத்து டயாலிசிஸ் இயந்திரத்தை இப்போது பார்த்தால் துணி துவைக்கும் இயந்திரம் என்றுதான் நினைப்பீர்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு வரியைப் பற்றி. எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக வார்டில், ஒரு நோயாளியின் ஃபைலில் நான் எழுதிய வரி: 'நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.' எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அது செய்த வேலையைச் சரிசெய்ய எனக்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆனது. சரியானதா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவர் பெயர் பிரகாசம். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தேக்கா மார்க்கெட்டின் மேல்மாடியில் ஒரு தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். சிறுவயதிலிருந்தே சிறுநீரகத்தில் கல் வந்து வந்து, கடைசியில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. தாய் தகப்பன் இல்லை. அக்கா ஆக்னஸ்தான் அவரையும் கடைசித் தம்பி ஸ்டீபனையும் வளர்த்தவர். ஆக்னஸ் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும் மாதா கோவிலுக்கே அவர்களும் வருவார்கள் என்பதால் முகப்பழக்கம் உண்டு. மூவரும் ஈசூனில் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் ஆக்னஸ். அறுவைச்சிகிச்சை முடிந்த அன்றே பிரகாசத்துக்குச் சிறுநீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வார்டில் தையலின் வலியோடு படுத்திருந்த ஆக்னஸ், நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "எவ்ளோ ஆச்சு மிஸ்ஸி?" என்று கேட்பார். நர்ஸுகளை அன்று எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அளவைச் சொன்னதும் பரீட்சையில் பிள்ளை தேறிவிட்டதைக் கேட்ட டீச்சர் மாதிரி தலையாட்டிக்கொள்வார்.

மூன்றாவது மாதம் பிரகாசத்தின் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறி, புதிய சிறுநீரகம் தளரத் தொடங்கியது. வார்டில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சேர வரும் நோயாளியின் பையைத் திறந்து மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிரகாசத்தின் டப்பாவில் இருக்க வேண்டியதைவிட நிறைய மாத்திரைகள் மிச்சமிருந்தன.

"இது எப்படி இவ்ளோ மிச்சம்?" என்று கேட்டேன்.

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரு மிஸ்ஸி. ரெண்டு வாரம் முன்னாடி, கிளினிக்ல."

வார்டு ஃபைலைப் புரட்டினேன். அப்படி எந்த உத்தரவும் இல்லை.

"ஃபைல்ல ஒன்னும் இல்லையே."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவரு கொறைக்கச் சொன்னாரு, நான் கொறைச்சேன்."

நோயாளிகள் எத்தனையோ முறை இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பலர் பொய்தான் சொன்னார்கள். அதனால் இவரும் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். கிளினிக் இரண்டு மாடி கீழேதான் இருந்தது. அங்கே ஒரு தனிக் குறிப்பேடு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். நான் இறங்கிப் போகவில்லை. அந்த வரியை எழுதினேன்.

மறுநாள் காலை டாக்டர்கள் சுற்றி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். மருந்தை விட்டால் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கும். ஆகவே இது நிராகரிப்பு. பயாப்ஸி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காரணந்தான் ஃபைலிலேயே எழுதியிருக்கிறதே! மூன்று நாள் பெரிய அளவில் ஸ்டெராய்டு ஏற்றினார்கள். சிறுநீரகம் கொஞ்சமும் தேறவில்லை. எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போன உடம்பில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பிரகாசம் இரண்டு வாரம் சாவின் விளிம்பில் கிடந்தார்.

நான் செய்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் ஆக்னஸ் என்னைப் பிடித்து, "ஏன் மிஸ்ஸி இப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, "டீச்சர், நீங்க குடுத்ததை அவரு ஒழுங்கா பாத்துக்கல" என்றேன். நோயாளியின் விஷயத்தை அவருடைய அனுமதி இல்லாமல் சொன்னது ஒரு தப்பு. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

ஆக்னஸ் உள்ளே போய்த் தம்பியின் கால்மாட்டில் நின்றார். கத்தவில்லை. "ஒனக்கு இன்னொன்னு குடுக்க என்கிட்ட இல்லடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பிரகாசத்தின் வாயில் சுவாசக் குழாய் இருந்தது. அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பிரகாசம் பிழைத்துக்கொண்டார். அக்காவின் சிறுநீரகத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டார்கள். ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையில் திசுவுக்குள் படிகங்கள் தெரிவதாக ஒரு வாக்கியம் இருந்தது. செயலிழந்த சிறுநீரகத்தில் படிகம் சேர்வது உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காகிதத்தைத் துளை போட்டு ஃபைலில் கோத்தவள் நான்தான்.

அவர் மறுபடி டயாலிசிஸுக்கு வந்தார். ஈசூன் வீட்டுக்குப் போகவில்லை. தேக்கா பக்கத்தில் கடைக்காரர் ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அக்கா பேசுவதில்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்கு மணிநேரம் என் முன்னால் படுத்திருக்கும்போது அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். கையை நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாதங்கள் போகப்போக எலும்பில் வலி என்று நொண்டத் தொடங்கினார். மற்ற நோயாளிகளைவிட அவர் வேகமாகத் தளர்ந்துகொண்டிருந்தார். காரணம் யாருக்கும் புரியவில்லை.

அடுத்த வருடம் தம்பி ஸ்டீபன் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு வந்தான். வயது இருபத்திரண்டு. அண்ணனுக்கு நான் தருகிறேன் என்று நேராக டாக்டரிடம் போய் நின்றான். ரத்தம் பொருந்தியது, எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. அறுவைச்சிகிச்சைக்கு முந்தைய நாள் மத்தியானம் வார்டில் சேர வந்தான். சேர்க்கைப் படிவத்தை நிரப்ப வேண்டியவள் நான்.

"முன்னாடி ஏதாவது நோய் வந்திருக்கா?"

"ஒன்னும் இல்லலா மிஸ்ஸி. நான் கமாண்டோ மாதிரி."

பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகக் கல்லோடு ஒருவர் சுருண்டு படுத்து முனகிக்கொண்டிருந்தார். ஸ்டீபன் அவரைப் பார்த்துவிட்டு, "பாவம் அங்கிள். அந்த வலி வந்தாத்தான் தெரியும்" என்றான்.

என் பேனா நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வாசலைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்தான். "சின்ன வயசுல ஒரே ஒரு தடவ, மிஸ்ஸி. ஒன்பது வயசு இருக்கும். அதுவாவே வெளிய வந்துடுச்சு. சொன்னா என்னை வேணாம்னு அனுப்பிடுவாங்க. எழுதாதீங்க, ப்ளீஸ். அண்ணனுக்கு வேற யாரு இருக்கா?"

அவன் கண்களில் இருந்த கெஞ்சலை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. எழுதினால் அண்ணனுக்கு இருக்கும் ஒரே வழி அடைபடலாம். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்று மட்டும் தோன்றியது. அண்ணனுக்கும் கல். தம்பிக்கும் கல். அக்கா கொடுத்த நல்ல சிறுநீரகத்திலும் படிகம். மூன்றும் ஒரு குடும்பத்தில் தற்செயலாக வருமா?

இந்த முறை முதலில் படி இறங்கினேன். கிளினிக்கின் தனிக் குறிப்பேட்டையும் பழைய வார்டு ஃபைலையும் ஒன்றாக வரவழைத்து ஒரு மேஜைமேல் விரித்தேன். படிகம் பற்றிய வாக்கியம் நான் நினைத்தபடியே இருந்தது. கூடவே நான் தேடாத ஒன்றும் கிடைத்தது. கிளினிக் குறிப்பேட்டில், பிரகாசம் வார்டில் சேர்வதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதியில், பெரிய டாக்டரின் கையெழுத்தில், வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பதால் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கும்படி எழுதியிருந்தது.

பிரகாசம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் ஏற்பாடாகியிருந்தது. அழுவதற்கு அது நேரமில்லை.

பெரிய டாக்டர் ஒல்லியான சீனர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்கு மறுபேச்சு கிடையாது. நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஒன்பது வயதில் வந்த ஒரு கல்லுக்காக நாளைய ஆபரேஷனை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்றார்.

"அண்ணனுக்கும் சிறுவயதிலிருந்து கல். அக்காவின் சிறுநீரகத்திலும் படிகம் இருந்தது. அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும், டாக்டர்."

"அது கெட்டுப்போனது அவர் மருந்தை விட்டதால். உங்கள் குறிப்பைத்தான் படித்தேன்."

என் சொந்த வரி எனக்கு எதிரே வந்து நின்றது. நர்ஸ் வேலையில் அதுவரை எந்தத் தப்புக்கும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை நான். கையில் இருந்த கிளினிக் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"அந்தக் குறிப்பு தவறு. நான் விசாரிக்காமல் எழுதியது. மருந்தைக் குறைத்தது நீங்கள். இதோ உங்கள் கையெழுத்து. அவர் நீங்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறார்."

அவர் முகம் சிவந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் நான் அந்த அறையைவிட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

"இந்தப் பையனின் சிறுநீரகத்தை எடுத்த பிறகு தெரிந்தால், அதைத் திருப்பி வைக்க முடியாது, டாக்டர்" என்றேன்.

அவர் எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பழைய கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்து, ஒருவகைத் தனி வெளிச்சத்தில் படிகத்தைக் காட்டும் நுண்ணோக்கியில் வைத்தார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்து பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஊசி ஊசியாக, விசிறி விசிறியாக, வெள்ளையும் நீலமும் மஞ்சளும் ஜொலித்துக்கொண்டிருந்தன. தீபாவளி இரவில் விளக்கு அலங்காரம் செய்த சிராங்கூன் சாலை மாதிரி. ஆக்னஸின் சிறுநீரகத்தில் இடமில்லாதபடி அவை நிறைந்திருந்தன.

"ஆக்சலேட்" என்றார் டாக்டர். "நிராகரிப்பின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. நாம் கொடுத்த ஸ்டெராய்டு முழுவதும் வீண்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, சிஸ்டர். கல்லீரலில். கல்லுக்கான சரக்கு அங்கேதான் உற்பத்தியாகிறது. எத்தனை சிறுநீரகம் வைத்தாலும் அதையும் அடைத்துவிடும்."

ஆபரேஷன் ரத்தானது. ஸ்டீபன் என்மேல் பாய்ந்தான். "நம்பிச் சொன்னேன் மிஸ்ஸி! எங்க அண்ணன் செத்தா நீங்கதான் காரணம்!" அவனுக்குப் பதில் சொல்லாமல் ஒரு பெரிய பாட்டிலைக் கையில் கொடுத்து, ஒரு முழுநாள் சிறுநீரையும் அதில் சேர்க்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே சேர்த்தான். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அவனுக்கும் அதே நோய்தான், கொஞ்சம் லேசாக. ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்திருந்தால், அண்ணன் உடம்பில் ஒன்றும் தம்பி உடம்பில் ஒன்றுமாக இரண்டுமே பாழாகியிருக்கும். ஆக்னஸுக்கு அந்த நோய் இல்லை.

ஃபைலில் இருந்த என் வரியை நான் கிழிக்கவில்லை, மையால் மறைக்கவும் இல்லை. அதன் கீழே, 'மேலே உள்ளது தவறு. டாக்டரின் உத்தரவுப்படியே மருந்து குறைக்கப்பட்டது. விசாரிக்காமல் எழுதியது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு பிரகாசத்தின் டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அங்க போய்ச் சொல்லுங்க மிஸ்ஸி. என்கிட்ட சொல்லி என்ன?"

அந்த வார ஓய்வுநாளில் பஸ் பிடித்து ஈசூனுக்குப் போனேன். ஆக்னஸ் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனாவைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"ஒன்னேகால் வருஷம் மிஸ்ஸி" என்றார். "ஒன்னேகால் வருஷமா என் தம்பிகிட்ட நான் பேசல. கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டுப் போனான். கதவத் தொறக்கல நான்."

"என்னை மன்னிச்சிருங்க டீச்சர்."

"நீங்க எழுதினத நீங்க திருத்திடுவீங்க. நான் கதவத் தொறக்காம இருந்தத எப்படித் திருத்தறது?"

என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நோட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் தேக்காவுக்கு வந்தோம். மார்க்கெட் படியில் அவர் மேலே ஏறிப் போனார். நான் கீழேயே நின்றுகொண்டேன். மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. அரைமணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து இறங்கி வந்தார்கள். நொண்டும் தம்பியின் முழங்கையை ஆக்னஸ் பிடித்திருந்தார்.

இனி என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே ஆபரேஷனில் மாற்றினால் இந்த நோய்க்கு விடிவு உண்டு என்று வெளிநாட்டில் ஓரிரு இடங்களில் முயன்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூரில் கல்லீரல் மாற்று இன்னும் தொடங்கவில்லை. பெரிய டாக்டர் எழுதாத இடமில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மருத்துவமனை வரச்சொன்னது.

பிரகாசத்தையும் ஆக்னஸையும் உட்கார வைத்து டாக்டர் மறைக்காமல் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். இதைச் செய்துகொண்டவர்கள் உலகத்திலேயே சிலர்தான். அதில் சிலர் மேஜையிலேயே இறந்தார்கள். சிலர் நடமாடுகிறார்கள். எது நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

பிரகாசம் கேட்டார்: "ரெண்டும் ஒரே ஆள்கிட்டேர்ந்து வருமா?"

"ஆமா. செத்துப்போன ஒருத்தர்கிட்டேர்ந்து" என்றேன்.

"அந்தக் குடும்பம் அழுதுகிட்டே குடுக்கும்." முழங்கால் எலும்பைத் தடவிக்கொண்டார். "நான் போறேன். சும்மா படுத்துக்கிட்டுச் சாக மாட்டேன்."

அதற்கு முன்னால் உடம்பில் சேர்ந்திருந்த ஆக்சலேட்டை முடிந்தவரை வெளியேற்ற வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் இருந்த டயாலிசிஸை ஆறு நாள் ஆக்கினோம். நான்கு மாதம். கை முழுவதும் ஊசித்தழும்பு. சில நாள் "இன்னைக்கு வேணாம் மிஸ்ஸி, விட்டுடுங்க" என்பார். "கையை நீட்டுங்க" என்பேன். திட்டுவார், நீட்டுவார். பேசாமல் கிடந்தவர் திட்டத் தொடங்கியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆக்னஸும் பிரகாசமும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போய், அங்கே இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒருநாள் காலை வார்டில் தொலைபேசி ஒலித்தது. ஆக்னஸின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டது. "வச்சிட்டாங்க மிஸ்ஸி, ரெண்டையும். ஈரல் ஒடனே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. கிட்னிதான் இன்னும் தூங்குது." நான் ஃபோனை வைத்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் ஓடினேன். அவர் சிரித்து நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று.

அவர்கள் திரும்பி வந்தபோது சிறுநீரகம் விழித்துக்கொண்டிருந்தது, அரைகுறையாக. மூன்று வாரம் கழித்து கிரியேட்டினின் மறுபடி ஏறியது. வார்டில் சேர்த்தோம். பெரிய டாக்டர் வெளியூரில் இருந்தார். பொறுப்பில் இருந்த இளம் டாக்டர் நல்லவர், அக்கறையுள்ளவர், பயந்துபோயிருந்தார். "நிராகரிப்புதான். தாமதித்தால் இரண்டும் போய்விடும். இப்போதே ஸ்டெராய்டு தொடங்குகிறேன்" என்று பேனாவை எடுத்தார்.

அவர் பயம் நியாயமானது. உண்மையிலேயே நிராகரிப்பாக இருந்தால் ஒவ்வொரு மணிநேரமும் நஷ்டம். இல்லாவிட்டால், அந்த மருந்து பிரகாசத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இரண்டில் எது என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்பது மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய ஃபைலைத் திறந்து, என் வரியையும் அதன் கீழே இருந்த திருத்தத்தையும் அவரிடம் காட்டினேன்.

"டாக்டர், இதை எழுதினவ நான். பயாப்ஸி எடுங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அவர் என்னையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். பயாப்ஸி எடுத்தார்கள். ஆய்வகத்தில் நின்று, தகடு தயாராகும்வரை நகராமல் இருந்தேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. நிராகரிப்பு இல்லை. படிகம். பழைய கல்லீரல் வருடக்கணக்கில் எலும்புக்குள் அடைத்துவைத்திருந்ததெல்லாம் இப்போது மெல்லக் கரைந்து புதிய சிறுநீரகத்தின் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அதற்கு வைத்தியம் ஸ்டெராய்டு இல்லை. தண்ணீர், பிறகு சிறுநீரகத்துக்குத் துணையாக டயாலிசிஸ், பிறகு பொறுமை.

ஒன்பது வாரம் அப்படிப் போனது. பிரகாசம் தண்ணீரைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். ஆக்னஸ் பள்ளி முடிந்ததும் நேராக வந்து, குடித்த ஒவ்வொரு குவளைக்கும் நோட்டில் சிவப்புப் பேனாவால் சரி போடுவார். ஸ்டீபனும் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனோடு போட்டி போட்டுக் குடிப்பான். அவனுக்கும் டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார். பத்தாவது வாரம் டயாலிசிஸ் ஊசியைப் பிரகாசத்தின் கையிலிருந்து எடுத்தேன். மறுபடி குத்த வேண்டி வரவில்லை.

முடிவு எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். கல்லீரல் ஒருநாளும் தொல்லை தரவில்லை. சிறுநீரகம் முழுதாகத் தேறவில்லை, ஆனால் டயாலிசிஸ் இல்லாமல் வாழும் அளவுக்கு வேலை செய்தது. எலும்பு வலி குறைந்தது, நொண்டல் போகவில்லை. கடையில் அரைநாள் நின்று துணி வெட்டினார். ஆஸ்திரேலியாவில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில், அதே ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண் வீடு திரும்பவில்லை. அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஸ்டீபனின் சிறுநீரகங்கள் நான் அந்த வார்டைவிட்டு மாறும்வரை நன்றாகவே இருந்தன.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் காலை, கிளினிக்கில் ஒரு மலாய்க்காரர் தன் மகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குப் பதினோரு வயது. பிரகாசத்துக்கு வந்த அதே நோய் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டு உறுப்பையும் மாற்றும் ஆபரேஷனைப் பற்றி டாக்டர் விளக்கியது அவர் காதில் ஏறவில்லை. வெளியே வந்து என்னிடம், அதைச் செய்தால் குணமாகிவிடுமா என்று கேட்டார். அன்று பரிசோதனைக்கு வந்திருந்த பிரகாசத்தைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

பிரகாசம் மலாயில் சொன்னார்: "குணம் ஆயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் அங்கிள். தெனமும் மாத்திரை, தெனமும் தண்ணி, அடிக்கடி இங்க வரணும். வலிச்சுது, ரொம்ப வலிச்சுது. ஆனா காலையில நானே எழுந்து, நானே பஸ் ஏறி வந்தேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து, "எந்த நம்பர் பஸ்?" என்று கேட்டாள். அவர் நம்பரைச் சொன்னார். தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு தகப்பன் பக்கத்தில் குனிந்து, வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"மூன்று" என்றார். "அவர்களுக்கு ஒன்றும் இல்லை, மிஸ்ஸி. நன்றாக விளையாடுகிறார்கள்."

"நல்லது" என்றேன். "நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மூன்று பேரையும் இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்."